ஆள் பொறுக்குகிறவர்

தமிழில் பொறுக்கி என்பது வசவு. எங்கள் பக்கத்தில் அது ஒரு பதவியாக இருந்தது. கபடிக் குழுவுக்கு ஆள் பொறுக்குகிறவர் என்று முழுசாகச் சொல்ல வாய் வலித்தவர்கள் ‘பொறுக்குறவரு’ என்றார்கள். அவர் இல்லாத இடத்தில் இன்னும் சுருக்கினார்கள். அந்தச் சுருக்கின பேர்தான் அவருக்குச் சரியாகப் பொருந்தியது என்பது என் அபிப்பிராயம். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவர் என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை.

விழுப்புரம், திண்டிவனம், கண்டமங்கலம், கோலியனூர் என்று நாலு ஊருக்கும் அப்போது பெண்கள் கபடிக் குழு இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் மோதிக்கொள்வார்கள். ஆடுகிறவர்கள் எல்லாம் கல்லூரியில் படிக்கிற பெண்கள். ஒரு ஊர் ஒரு பெண்ணைப் பொறுக்கும், அப்புறம் அடுத்த ஊர், அப்புறம் அடுத்தது. ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதல் ஊர். யார் முதலில் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். அவர் விழுப்புரம் குழுவுக்குப் பொறுப்பு. பிழைப்புக்குப் பழைய டயர் கடை வைத்திருந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற மாதிரியே ஆடி முடித்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முழங்காலையும் அழுத்திப் பார்ப்பார். கேட்டுக்கொண்டு அழுத்துகிற வழக்கமெல்லாம் கிடையாது.

நிஜப் பொறுக்கலுக்கு முன்னால் ஒத்திகை நடக்கும். அதற்கு டம்மி என்று பேர். நாலு ஊர்க்காரர்களும் கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் எங்கள் அப்பாவின் டீக்கடையில் கூடி, யாருக்கு எந்த இடத்தில் ஆள் குறைகிறது, யார் யாரை எடுப்பார்கள் என்று ஆடிப் பார்ப்பார்கள். ஒருத்தர் மனசை ஒருத்தர் மோப்பம் பிடிக்கத்தான் அது. எல்லாருக்கும் தெரிந்தே எல்லாரும் வந்தார்கள்.

பேச அவருக்கு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேண்டும். ஒரு தட்டு வாங்கி பெஞ்சின் மேல் கொட்டுவார். ஒவ்வொரு மல்லாட்டையும் ஒரு பெண். “இது அந்த நெட்டச்சி ரைடரு. இது போன வருசம் முட்டி பெரண்டுச்சே, அது.” இன்ன ஊருக்கு இன்ன பெண் என்று பேச்சு முடிந்ததும் அந்த மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். சொத்தையாக இருந்தால் மென்றதை உள்ளங்கையில் துப்பி, என்னவென்று பார்த்துவிட்டு, பெஞ்சுக்கு அடியில் துடைப்பார். துடைக்கிற துணி எதிரிலேயே தொங்கும். சாயங்காலம் அந்த பெஞ்சைக் கழுவுகிறவள் நான்.

ஒரு தடவை என்னையும் தின்றார். “இது நம்ம டீக்கடைக்காரரு பொண்ணு. ரைட் இன்னு. கை நீட்டம். கோலியனூருக்குப் போவும்” என்று சொல்லிக்கொண்டே உடைத்தார். நான் பக்கத்திலேயே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்தார். அப்பா மேல் அன்றைக்கு வந்த கோபம் ராத்திரி சோறு தின்னும் வரை இறங்கவில்லை.

ஆளை அவர் இடத்தின் பேரால்தான் கூப்பிடுவார். தடுக்க நிற்கிற ஏழு பேரில் ஓரத்தில் நிற்பவள் கார்னர். ஏறி வருகிற பெண்ணின் கணுக்காலைப் பிடிக்க வேண்டியது அவள். அவள் கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் இன். நான் ரைட் இன். களத்தில் அப்படிக் கூப்பிட்டால் சரி, டீக்கடையிலும் அப்படியேதான். “ரைட் இன்னு, சக்கர கம்மியா ஒரு டீ.” அப்பாகூட கொஞ்ச நாளில் வேடிக்கைக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முகத்தைப் பார்க்கவே மாட்டார். “மொகமா ஆடுது?” என்பார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பெண்கள் வந்து இறங்குகிற நேரம் பார்த்து நின்றுகொண்டு, யார் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார்கள், கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். ஒரு நாள் ஒரு கண்டக்டர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். “இந்த வயசுல பொட்டப் புள்ளைங்கள மொறச்சிக்கினு நிக்கிறியே, வெக்கமா இல்ல?” இவருக்கு அவமானம் தாங்கவில்லை. “யோவ், நா காலப் பாக்கறேன்யா! காலு!” என்று கத்தினார். கத்தினது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிறகு கசந்து போனது. கண்டக்டர் நினைத்த மாதிரி ஆளாக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டி செருப்பைக் கழற்றியிருக்கலாம். இவர் பார்வையில் அந்த ஆசைகூடக் கிடையாது. நாங்கள் பெண்கள் என்பதே அவருக்கு ஞாபகமில்லை, கல்யாணமாகி ஆட்டத்தை விட்டுப் போய்விடுவோமே என்கிற ஒரு கவலையைத் தவிர.

அவர் சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது பார்க்கப் போனோம். அந்த அம்மாவுக்கு வாய் கோணியிருந்தது. பேச்சு வரவில்லை, ஆனால் காது நன்றாகவே கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் எங்கள் அப்பாவிடம் சொன்னார்: “ஊட்டுல அடுப்பாங்கரைக்கு ஆளு கொறையுது. பெரியவனுக்கு ஜல்தியா ஒண்ணப் பாத்துடணும்.” அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சொன்னபடியே சீக்கிரத்தில் மருமகள் வந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தப் பெண்ணைத் தண்ணிக் குடத்தோடு தெருக்கோடி வரை நடக்கச் சொல்லிப் பார்த்தார் என்று அவரே எங்கள் கடையில் பெருமையாகச் சொன்னார். கேட்டவர்கள் ஆகா என்றார்கள். எனக்கு அவர் குடித்த கிளாஸைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

ஆட்டம் அவருக்குத் தெரியும். இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். மற்றவர்கள் எல்லாம் பாடிக்கொண்டு ஏறுகிற ரைடரைப் பார்த்துக் கை தட்டுகிறபோது அவர் மட்டும் ஓரத்தில் நிற்கிற கார்னரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எடுத்த பெண் சோடை போனதாக நான் பார்த்ததில்லை. ஒரு ஆட்டத்தில் அவருடைய சென்ட்டர் முழங்கால் திரும்பி விழுந்து அலறினாள். அவர் எழுந்து வேகமாக நடந்தார். அவளிடம்தான் போகிறார் என்று நினைத்தோம். அவளைத் தாண்டிப் போய் பெஞ்சில் இருந்தவளைப் பார்த்து, “சென்ட்டர் காலி, எழுந்துரு” என்றார்.

இப்போது தேன்மொழிக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தேன்மொழி எங்களுக்குப் பக்கத்து ஊர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திண்டிவனம் கல்லூரிக்குப் போவோம். அவள் ரைட் கார்னர். அவள் கை கோத்தால் எனக்குத் தோள் வரைக்கும் தைரியம் ஏறும். கணுக்காலைப் பிடித்தாள் என்றால் பிடித்ததுதான், ரைடர் நடுக்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான். அவளுக்கு வீட்டில் மாமன் மகனைக் கட்டி வைக்கிற பேச்சு இருந்தது. மாமன் மகன் இவளைவிட ரொம்ப மூத்தவன். இவள் அழுது புரண்டு அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். ஏதாவது ஒரு ஊர் அவளைப் பொறுக்கிவிட்டால் டிகிரி முடியும்வரை கல்யாணப் பேச்சு கிடையாது. ஒருத்தரும் பொறுக்காவிட்டால் படிப்பையும் மூட்டை கட்ட வேண்டியது. அந்த நாலு ஊரில் அவளை வேண்டாம் என்கிற ஊர் எது என்று நாங்கள் சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

அந்த வருஷம் சீட்டை முன்கூட்டியே குலுக்கிவிட்டார்கள். திண்டிவனம் முதல், விழுப்புரம் கடைசி. இரண்டு ஊருக்குமே ரைட் கார்னர் தேவை. டம்மி அன்றைக்கு நான் கடையில்தான் இருந்தேன். திண்டிவனத்துக்காரர் வெகுளி. குவியலில் இருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து, “நமக்கு தேன்மொழிதான், வேற பேச்சே கெடியாது” என்றார்.

பொறுக்குகிறவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “அது வேணாம். சொத்த.”

“யாரு, அதுவா? போன வாரம்கூட ஆடிச்சே. என்னா புடி!”

“ஆட்டத்துல இல்லய்யா. நிச்சயம் ஆயிடுச்சி.”

“எப்போ? யாரு கூட?”

அவர் மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டார். “பொம்பளப் புள்ள விசயம். நாலு பேரு இருக்கற எடத்துல நா எதுக்குப் பேசிக்கினு? அவங்க அப்பனுக்கே தெரியுமோ என்னமோ.”

திண்டிவனத்துக்காரர் மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டார். கண்டமங்கலத்துக்காரரும் கோலியனூர்க்காரரும் அதைத் தொடவே இல்லை. கல்யாணமாகப் போகிற பெண்ணை எடுத்தால் பாதி ஆட்டத்தில் தாலியைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று அவர்களுக்கு பயம்.

எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் மிச்ச மல்லாட்டையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நேராகப் போய் நின்றேன்.

“ஏன் சார் பொய் சொன்னீங்க? தேனுக்கு நிச்சயம்லாம் ஒண்ணும் ஆவல.”

“தே, இது டம்மிதான? டம்மில என்னா வேணா சொல்லலாம். அவனுங்க உட்டாங்கன்னா கடசியில எங்கிட்டதான வந்து உழணும்? எனக்கு ரைட் கார்னர் காலியா இருக்குது. அவளுக்கும் நல்லதுதான?”

“அவங்க அப்பா காதுல உழுந்தா?”

“உழட்டுமே. இல்லன்னு சொல்லிட்டுப் போறான்.”

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். எங்கள் கடை டீ குடிக்கிற இடம் மட்டுமில்லை, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பஸ் ஸ்டாப்பும் அதுதான் என்பது அவருக்கும் தெரியும். நிச்சயம் ஆகிவிட்டதாம் என்று கிளம்பின பேச்சு, அப்பனுக்கே தெரியாதாம் என்றாகி, அவள் ஊர் போய்ச் சேருகிறபோது காலேஜில் யாரோ பையனாம் என்று ஆகியிருந்தது. அந்தப் பையனுக்கு ஒரு பேர்கூட யாரும் வைக்கவில்லை. இருந்தாலும் அவனை நேரில் பார்த்தவர்கள் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள்.

தேன்மொழியின் அப்பா கடைக்கு வந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர், அதிகம் பேசாதவர். அவர் வந்த நேரம் பொறுக்குகிறவரும் இருந்தார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று, மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏங்க, எம் பொண்ணப் பத்தி என்னாமோ சொன்னீங்களாமே?”

ஒரு வார்த்தை போதும். ‘விளையாட்டுக்குச் சொன்னேன்பா’ என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் நிஜப் பொறுக்கல் அடுத்த வாரம். உண்மை வெளியே வந்தால் திண்டிவனம் அவளை எடுத்துவிடும். இவர் கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எழுந்து தேன்மொழியின் அப்பா தோளில் கை வைத்தார்.

“நா ஒண்ணும் சொல்லலப்பா. காதுல உழுந்துது. நீ ஊட்டப் பாத்துக்க.”

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தேன். “மாமா, பொய்யி மாமா. இவரே கட்டின கதை. டீமுக்கு எடுக்கறதுக்கோசரம் சொன்னாரு.”

பொறுக்குகிறவர் சிரித்தார். “சின்னப் பொண்ணு. பிரெண்டுக்குப் பேசுது.”

தேன்மொழியின் அப்பா என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாதான பஸ்சுல போயிக்கினு வந்துக்கினு இருக்கறீங்க. நீ அப்படித்தான்மா சொல்லுவ. பொய்யோ நெசமோ, எம் பொண்ணு பேரு டீக்கடையில அடிபட்டுச்சே, அத யாரு தொடைக்கறது?” எங்கள் அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். போகிறபோது பார்த்தேன், அந்த மனிதர் பொறுக்குகிறவரைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தார். நல்ல வேளை நீங்களாவது சொன்னீங்களே என்று நன்றி.

மறுநாள் தேன்மொழி பஸ்ஸுக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள், போனைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். “யாரு கூடன்னு கேக்கறாங்கடி. ஒருத்தனும் இல்லன்னா, யாரன்னு மறைக்கிறேங்கறாங்க. இல்லாத ஒருத்தன நா எங்கடி போயி இல்லன்னு காட்டுவேன்?” என்றாள். அழவில்லை. “அந்தாள ஒரே ஒரு வாட்டி என் எதிருல ஏறி வரச் சொல்லு. கணுக்கால ஒடச்சி அனுப்பறேன்” என்றாள். அவள் அம்மா வந்து நிற்கவும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

பொறுக்கல் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. நாங்கள் சட்டையில் நம்பர் குத்திக்கொண்டு வரிசையாக நின்றோம். திண்டிவனம் வேறு ஒருத்தியை எடுத்தது. கண்டமங்கலம், கோலியனூர் முடிந்தது. அவர் எழுந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, “திண்டிவனம் காலேஜி ரைட் கார்னர்” என்றார்.

“யோவ், நிச்சயம் ஆயிடுச்சின்ன?” என்றார் திண்டிவனத்துக்காரர்.

“அது டம்மிய்யா!” தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஏமாந்தவரும் சேர்ந்து சிரித்தார். கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிற சிரிப்பு.

அப்போது எங்கள் கல்லூரி விளையாட்டு மேடம் எழுந்தார். “அந்தப் பொண்ணு காலேஜ விட்டு நின்னுடுச்சி சார். வர்ற மாசம் மயிலத்துல கல்யாணம்.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது வரும் என்று பார்த்தேன். வெட்கம் வேண்டாம், ஒரு திடுக்கிடலாவது வரும் என்று பார்த்தேன். பல்லிடுக்கில் நாக்கை விட்டுத் துழாவினார். பிறகு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எங்கள் கால்களைத்தான். “அப்ப அந்த மஞ்ச டீசர்ட்டு. அத எழுதிக்குங்க” என்றார்.

அவருக்குத் தேன்மொழி மேல் ஏதாவது விரோதம் இருந்து செய்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவளைக் கெடுக்க நினைத்து அவர் கெடுக்கவில்லை. அவளை ரொம்பப் பிடித்துப் போய்த்தான் கெடுத்தார். ஒரு ஆட்டக்காரிக்காக அவர் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை.

நான் இப்போது விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஆள் பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளையைக் காட்டிக் கேட்டால், அவள் பேர் என்ன, சொல்லுங்கள் என்பேன். முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். தேன்மொழி செஞ்சிப் பக்கம் இருக்கிறாள். போனில் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், மாமியாரைப் பற்றிப் பேசுவாள், கபடியைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

கடைசியாக அவரை நான் பார்த்தது அவள் கல்யாணத்தில். தேன்மொழியின் அப்பா அவரை நேரில் போய் அழைத்திருந்தார். முதல் வரிசையில் உட்கார வைத்து சால்வை போட்டார். போட்டோக்காரரைக் கூப்பிட்டு அதைப் படமும் எடுக்க வைத்தார். மேடையில் தேன்மொழி மாலையோடு நின்றாள். நான் ஏறிப் போய்க் கையைப் பிடித்தபோது என் காதில் கேட்டாள்: “ரைட் கார்னருக்கு யார்டி?” சொன்னேன். “அவளா? கணுக்காலப் புடிக்க அவ ஒக்காரவே லேட்டாவுமே. ரைடரு தாண்டிப் போயிடுவாளே” என்றாள். மாப்பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்தார். அடுத்து மொய் வைக்கிறவர்கள் நெருக்கவும் நான் இறங்கிவிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் அவர் எதிரே வந்தார். சால்வை இன்னும் தோளில் கிடந்தது. விலகிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

“என்னா ரைட் இன்னு, இன்னும் கோவமா?”

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன்.

“பொய் சொன்னேன், பொய் சொன்னேன்னு அன்னிக்கி அந்தக் குதி குதிச்சியே. நா என்னா சொன்னேன்? நிச்சயம் ஆயிடுச்சின்னேன். ஆயிடுச்சா, இல்லியா?”

கிண்டல் செய்யவில்லை. அந்த மனிதருக்கு உண்மையிலேயே சந்தோஷம். கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம். பின்னால் பந்திக்கு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர் வழியை அடைத்துக்கொண்டு, என் வாயால் வரட்டும் என்று பொறுமையாக நின்றார்.

“ஆயிடுச்சி” என்றேன்.

“அதான்” என்று சொல்லிவிட்டு, கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போனார்.